கரண்டு ஒரேயடியாகப் போவதில்லை

"சிமுலேட்டரில் ஓடினால் போதுமா? பெட்டியில் ஓடணும்." எங்கள் வேலையிடத்தில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. (சிமுலேட்டர் என்பது பெட்டியைக் கணினிக்குள் போலியாக நடத்திக் காட்டும் நிரல்.) சொல்லும்போது சிலர் மேசையில் கிடக்கும் பெட்டியை இரண்டு தட்டும் தட்டுவார்கள், அது ஏதோ சாட்சி சொல்லப் போகிற மாதிரி. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. கணக்கோடு பதில் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் சொல்லி முடித்த பிறகும் அவர்கள் பக்கத்தில் ஏதோ கொஞ்சம் நியாயம் மிச்சம் இருப்பது போலவே தோன்றும். அந்த மிச்சம் என்ன என்று போன வருஷம்தான் எனக்குப் பிடிபட்டது.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரி. வேலை கூலிம் பக்கம், சின்னக் கம்பெனி ஒன்றில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல், எழுதுவது. கூலிம் தொழிற்பேட்டை என்றதும் பெரிய சிப் கம்பெனிகள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நாங்கள் அந்த வரிசையில் இல்லை. தோட்டங்களுக்குப் பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போகும் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டும், நிறுத்தும், எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மோடம் வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் பெட்டி இருக்கும் இடம் அப்படி. செம்பனைக்கு நடுவே, ஆற்றோரம், பூட்டிய பம்ப் வீட்டுக்குள். மழை பெய்தால் கார் போகாது. சாவி தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் இருக்கும், கிராணி எங்கே இருப்பார் என்பது அன்றைக்கு நம் அதிர்ஷ்டம். அதனால்தான் ஃபர்ம்வேரைத் தொலைவிலிருந்தே மேம்படுத்துகிறோம். அது பாதியில் நின்று பெட்டி செத்துப்போனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நேரில் போக வேண்டும். அதுவரை லயத்தில் தண்ணீரை யாராவது நேரம் பார்த்துக் கையால்தான் திறந்துவிட வேண்டும்.

ஒரு தோட்டத்தில் அப்படித்தான் ஆனது. மேம்படுத்தல் அனுப்பியதில் சில பெட்டிகள் சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அந்த விளக்குக்குப் பொருள், "எனக்குள் இருக்கும் ஃபர்ம்வேரின் சரிபார்ப்புக் கூட்டல் ஒத்துவரவில்லை, ஓட்ட மாட்டேன்" என்பது. பெட்டி எழுந்ததும் முதலில் ஓடி, ஃபர்ம்வேரைச் சரிபார்த்து ஏற்றும் சின்ன நிரல் பூட்லோடர். அது தன் கடமையைச் செய்திருக்கிறது, குப்பையை ஓட்டவில்லை. ஆனால் பழையதையும் ஓட்ட முடியவில்லை. பழையதில் பாதி, புதியதில் பாதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு உள்ளே கிடந்தன.

பிளக்கைப் பிடுங்குகிற சோதனை

எங்களிடம் சோதனை இல்லாமல் இல்லை. ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் ஒன்று, பெட்டியின் மின்சாரத்தை ஏதோ ஒரு நொடியில் துண்டிக்கும், பத்து நொடி பொறுக்கும், திரும்பக் கொடுக்கும். பெட்டி மேம்படுத்தலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடிக்கிறதா என்று பார்க்கும். இரவெல்லாம் ஓடும். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் பச்சை. பெட்டியில் ஓடணும் என்று சொல்கிறவர்களின் கோவில் அது.

அந்தச் சோதனையின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எங்கள் ஃபர்ம்வேர் 256 கிலோபைட். அது குடியிருக்கும் ஃபிளாஷ் நினைவகச் சிப்பில் அழிப்பது 4 கிலோபைட் செக்டராக, எழுதுவது 256 பைட் பக்கமாக. ஆக 64 செக்டர். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாமல் புதியதோடு இடம் மாற்றி வைக்கிறோம், புதியது சரிப்படாவிட்டால் திரும்பிப் போக வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு செக்டருக்கும் மூன்று நகல் தேவை: புதியதைத் தற்காலிக செக்டருக்கு, பழையதைப் புதியது இருந்த இடத்துக்கு, தற்காலிக செக்டரில் இருப்பதைப் பழையது இருந்த இடத்துக்கு. நகல் ஒன்றுக்கு ஓர் அழிப்பு, 16 பக்க எழுத்து, எதுவரை வந்தோம் என்று ஒரு நிலைக்குறிப்பு. செக்டருக்கு 54 செயல், மொத்தம் 3,456. இந்த 3,456 இடத்தில் எங்கே கரண்டு போனாலும் பெட்டி பிழைக்க வேண்டும்.

ரிலே இந்த எல்லா இடத்தையும் தொடுகிறதா? பரவலாகக் கிடைக்கும் இந்த வகைச் சிப்புகளில் ஒரு செக்டரை அழிக்கச் சாதாரணமாக 45 மில்லிநொடி பிடிக்கும். ஒரு பக்கத்தை எழுத ஒரு மில்லிநொடிகூட ஆகாது. மொத்த நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு அழிப்பிலேயே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினால் கை பெரும்பாலும் அழிப்பின்மேல்தான் விழும். நிலைக்குறிப்பு எழுதும் அந்தச் சின்ன இடைவெளியில் விழுவது குருட்டு அதிர்ஷ்டம். அதோடு, ஒவ்வொரு மேம்படுத்தலிலும் அந்தத் தற்காலிக செக்டர் 64 முறை அழிக்கப்படுகிறது. 3,456 இடத்தையும் உண்மையான சிப்பில் ஒரு தடவை சோதித்து முடிப்பதற்குள் அது 2 லட்சம் அழிப்பைத் தாண்டிவிடும். சிப்புக்காரர்கள் உத்தரவாதம் கொடுப்பது 1 லட்சத்துக்கு. சோதனையே பெட்டியைக் கொன்றுவிடும்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் சிமுலேட்டர் கட்ட அனுமதி வாங்கினேன். யோசனை என் சொந்தம் இல்லை. எம்சியூபூட் என்ற திறந்தமூல பூட்லோடரில் பல வருஷமாக இருக்கிற வழி இது. சின்னக் கருவிகளுக்கான இயங்குதளமான அப்பாச்சி மைனியூட் திட்டத்தில் பிறந்து, இன்றைக்கு அதே வகை இயங்குதளமான செஃபிர் பயன்படுத்துகிறவர்கள் பலரும் கையாளும் பூட்லோடர் அது. அதன் மூல நிரலோடு ரஸ்ட் மொழியில் எழுதிய ஒரு சிமுலேட்டரும் வருகிறது. பூட்லோடரின் சி நிரலை அப்படியே கணினியில் ஓட்டும், ஃபிளாஷ் மட்டும் பொய். முதலில் ஒரு தடவை தடையில்லாமல் ஓடவிட்டு மொத்தம் எத்தனை ஃபிளாஷ் செயல் என்று எண்ணிக்கொள்ளும். அப்புறம் ஒன்றாவது செயலில் அறுத்து, பூட்லோடரை மறுபடி தொடங்கி, முடிவு சரியா என்று பார்க்கும். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று கடைசி வரைக்கும். தேய்மானம் கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமும் கிடையாது.

அப்படியானால் அந்த பூட்லோடரையே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். புதிய பெட்டிக்குப் போடலாம், போடுகிறோம். ஏற்கெனவே தோட்டங்களில் தொங்கும் பெட்டிகளில் பழைய பூட்லோடர் இருக்கிறது. ஃபர்ம்வேரை மாற்றும்போது பிடித்துக்கொள்ள பூட்லோடர் உண்டு. பூட்லோடரையே மாற்றும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து அதைத் தொடுவது சூதாட்டம்.

சரி, எங்கள் பழைய பூட்லோடருக்கு அதே மாதிரி ஒரு சிமுலேட்டர் கட்டி ஓட்டினேன். 3,456 இடமும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பெட்டிகள் தோட்டத்தில் செத்துக் கிடக்கின்றன, என் சிமுலேட்டர் சாகவே முடியாது என்கிறது. பக்கத்து மேசைக்காரர் பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

நாலு மணி

செத்த பெட்டிகளை மாற்ற அந்தத் தோட்டத்துக்கு நானே போனேன். பம்ப் வீட்டை இப்போது பார்த்துக்கொள்கிறவர் பங்களாதேசத்துத் தம்பி ஒருவர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதனால் கிராணி பழைய ஆளைக் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற்று பாடாங் செராயில் மகள் வீட்டில் இருக்கிற மாமா. சொந்த மாமா இல்லை. அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில் அதே தோட்டத்தில் என்ஜின் வீடும் பம்ப் வீடும் அவர் கையில்தான் இருந்தன. எங்களுக்கெல்லாம் அப்போதே அவர் மாமாதான். மோட்டார்சைக்கிளில் முன்னால் போய்க் காத்திருந்தார், கையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கோடு.

பெட்டியைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். விடிகாலை நாலு மணிக்கு, யாரும் தண்ணீர் பிடிக்காத நேரமாகப் பார்த்து அனுப்புகிறோம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு மணி உங்க ஆபீசுக்கு ராத்திரி. இங்க விடிஞ்சாச்சு பாப்பா. பெரட்டுக்கு முன்னால குளிக்க வேணாமா, சமைக்க வேணாமா? நாலு மணிக்குத்தான் எல்லா லயத்திலயும் தண்ணி திறப்பாங்க. தொட்டி இறங்கும், இந்த மோட்டாரு தூக்கும், அந்தாண்ட ஒண்ணு இருக்கே, அதுவும் தூக்கும்."

பெரட்டு என்பது விடிகாலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. அம்மா எத்தனை மணிக்கு எழுந்து விளக்கைத் தேடுவார் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன. இருந்தும் அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணை போடும்போது நாலு மணி என்றால் எல்லாருக்கும் நடுராத்திரியாகவே தெரிந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் விஷயம். மோட்டார் தூக்கும்போது கரண்டு போகுமா என்று கேட்டேன்.

"போகாது. ஒரேயடியா போனாத்தான் தேவலையே. லைட்டு மங்கும், வரும், மங்கும், வரும். கான்டாக்டர் கிடந்து டக்டக்குன்னு அடிச்சுக்கும். நாலஞ்சு வாட்டி அடிச்சிட்டு அப்புறம்தான் பிடிக்கும். என் காலத்துல அதுக்குத்தான் பக்கத்துலயே நிப்பேன், கையால அமுக்கிப் பிடிச்சுவிட." 

மின்சாரம் படித்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் கிடையாது. பெரிய மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். கம்பி நீளமாக, மெலிதாக இருந்தால் மின்னழுத்தம் சரியும். சரிந்தால், மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் சுருளுக்குப் பிடிமானம் போய் விட்டுவிடும். விட்டதும் மோட்டார் நின்று அழுத்தம் ஏறும், ஏறியதும் மறுபடி பிடிக்கும், பிடித்ததும் மறுபடி சரியும். எங்கள் பெட்டிக்கும் அதே கம்பியிலிருந்துதான் மின்சாரம். பெட்டியின் உள்ளே இருக்கும் கேபசிட்டர் கண நேரச் சரிவைத் தாங்கும், இத்தனையைத் தாங்காது. நான் இதையெல்லாம் பாடமாகப் படித்தவள். ஆனால் என் தலையில் கரண்டு போவது என்றால் சுவிட்சை அணைப்பதுதான். எங்கள் ரிலேயும் அப்படித்தான் நினைத்தது, சிமுலேட்டரும் அப்படித்தான் நினைத்தது. ரிலே எவ்வளவு மரியாதையாகத் துண்டித்தது என்று நினைத்துப் பாருங்கள்: ஒரு தடவை அறுக்கும், பத்து நொடி பொறுக்கும், திரும்பக் கொடுத்துவிட்டுப் பெட்டி முழுசாக எழுந்து வேலையை முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எந்தத் தோட்டத்தில் கரண்டு இப்படி நடந்துகொள்கிறது?

திரும்பி வந்து சிமுலேட்டரில் மாற்றியது கொஞ்சம்தான். ஒரு முறை அறுத்து மறுபடி தொடங்கியதும், மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது முறை அறுக்க வேண்டும். முதல் அறுப்புக்கு 3,456 இடம், ஒவ்வொன்றுக்கும் மிச்சமிருக்கும் செயல்கள் அத்தனையும் இரண்டாவது அறுப்புக்கு இடம். கிட்டத்தட்ட 6 மில்லியன் ஜோடி. ரிலேயை வைத்து இதைச் செய்ய ஓர் ஆயுள் போதாது. கணினிக்கு ஓர் இரவு. ஆனால் இரவெல்லாம் தேவைப்படவில்லை. ஓட்டிய உடனே சிவப்பு, அதுவும் ஒன்றிரண்டு இல்லை, முதல் அறுப்பு அநேகமாக எங்கே விழுந்தாலும் சிவப்பு.

காரணம் மீட்பு வேலையின் முதல் வரியில் இருந்தது. பழைய பூட்லோடர் கரண்டு திரும்பியதும் நிலைக்குறிப்பு செக்டரைப் படிக்கும், கடைசிக் குறிப்பை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், செக்டரை அழித்துச் சுத்தமாக்கி அந்த ஒரு குறிப்பை மட்டும் திரும்ப எழுதும். எழுதிய ஆள் ஒழுங்கானவர், குறிப்புகள் சேர்ந்து செக்டர் நிரம்பிவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறார். ஆனால் அழித்ததற்கும் எழுதியதற்கும் இடையே கரண்டு மறுபடி போனால் குறிப்பு எங்கேயும் இல்லை. அடுத்த முறை எழுந்திருக்கும் பூட்லோடர் வெற்று செக்டரைப் பார்க்கும், மேம்படுத்தல் எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டும், ஃபர்ம்வேரைச் சரிபார்க்கும், கூட்டல் தப்பாக வரும், சிவப்பு விளக்கு. இந்த அழிப்பு நடப்பது கரண்டு திரும்பி வந்த உடனே. கான்டாக்டர் அடித்துக்கொள்ளும்போது அடுத்த சரிவு வந்து விழுவதும் அதே நேரத்தில். தோட்டத்தில் சாவதும் ஆய்வுக்கூடத்தில் பிழைப்பதும் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சிமுலேட்டருக்குத் தெரியாதது

பெட்டியில் ஓடணும் என்கிறவர்களின் பக்கம் மிச்சமிருந்த நியாயம் இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் அது இல்லை. பெட்டி உண்மையானது, சிமுலேட்டர் பொய் என்பது அவர்கள் வாதம். எங்கள் மேசையில் இருந்த பெட்டி உண்மை, அதற்கு வந்த கரண்டு பொய். இரண்டு சோதனையும் ஒரே பொய்யைத்தான் நம்பின. சிமுலேட்டரில் அந்தப் பொய்யை ஒரு மத்தியானத்தில் திருத்த முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் திருத்த வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது. பம்ப் வீட்டில் நின்று கான்டாக்டரைக் கையால் அமுக்கியவருக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இன்னும் எதையெல்லாம் சுத்தமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அழிப்பு ஒன்று. என் சிமுலேட்டரில் அழிப்பு நடந்தது அல்லது நடக்கவில்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. உண்மையான சிப்பில் 45 மில்லிநொடியில் பாதியில் கரண்டு போனால் செல்கள் அரைகுறையாக நிற்கும். ஒரு முறை படித்தால் 1, இன்னொரு முறை படித்தால் 0, சூடு ஏறினால் வேறு. அழிந்த மாதிரியே தெரியும் செக்டர் உண்மையில் அழிந்திருக்காது, அதன்மேல் எழுதினால் எழுதியது நிலைக்காது. எனவே அறுபட்ட அழிப்புக்குப் பிறகு அந்த செக்டர் படிக்கும்போதெல்லாம் வேறு வேறு விடை சொல்லும்படி சிமுலேட்டரைக் கெடுத்து வைத்தேன். பூட்லோடர் வெறுமையாகத் தெரிகிற செக்டரை நம்பி அழிக்காமல் எழுதிய இடம் ஒன்று அதில் மாட்டியது. திருத்திய பூட்லோடரில் குறிப்புக்கு இரண்டு செக்டர், மாற்றி மாற்றி எழுதும், வரிசை எண்ணும் சரிபார்ப்புக் கூட்டலும் உண்டு. ஒன்று சரியாக எழுதப்பட்டது உறுதியான பிறகே மற்றதைத் தொடும்.

இதையெல்லாம் செய்தாலும் தப்பான ஃபர்ம்வேரைச் சரியாக ஏற்றிவிடலாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற கம்பெனி ஒரு மாடலுக்கான ஃபர்ம்வேரை இன்னொரு மாடல் பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 வாடிக்கையாளர்களின் கதவுப் பூட்டுகள் தொடர்பை இழந்தன, தூரத்திலிருந்து சரிசெய்ய வழியில்லை. கரண்டை எத்தனை முறை அறுத்துப் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. எங்கள் பெட்டிகளிலும் வன்பொருள் பதிப்பு இரண்டு மூன்று உண்டு. அந்தச் செய்தி ஞாபகம் வந்த அன்றே பூட்லோடர் பதிப்பு எண்ணைப் பார்த்து ஒத்துவராததை மறுக்கிறதா என்ற சோதனையையும் சேர்த்தேன்.

தோட்டங்களில் தொங்கும் பழைய பெட்டிகள்தான் இன்னும் தலைவலி. பிழை பூட்லோடரில், பூட்லோடரைத் தூரத்திலிருந்து தொட முடியாது. சுற்றி வளைத்துத்தான் சமாளிக்கிறோம். தொட்டி நிறைந்திருக்கிறது, மோட்டார் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது, மின்னழுத்தம் ஆடவில்லை, இந்த மூன்றும் இருந்தால்தான் ஃபர்ம்வேர் மேம்படுத்தலுக்குச் சம்மதிக்கும். நேரத்தையும் நாலு மணியிலிருந்து காலை பத்துக்கு மாற்றிவிட்டோம். எல்லாரும் வெளிக்காட்டில் வேலையில் இருப்பார்கள், தொட்டி நிரம்பியிருக்கும், மத்தியான இடி மழை வரவும் இன்னும் நேரம் இருக்கும். மேலாளருக்கு முதலில் ஒப்பவில்லை, வேலை நேரத்தில் அனுப்புவதா என்று. யாருடைய வேலை நேரம் என்று கேட்டேன். சர்வீசுக்குப் போகும்போது பூட்லோடரை நேரிலேயே மாற்றிவிட்டு வருகிறார்கள், அது முடிய நாளாகும்.

ரிலே சோதனையை நான் தூக்கச் சொல்லவில்லை. அதில் ஒரு பழைய கான்டாக்டரையும் மோட்டாரையும் சேர்த்திருக்கிறோம், இப்போது அதுவும் டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த அடியின் வேகமும் ஆழமும் நாங்களாக ஊகித்தவை. பம்ப் வீடுகளில் மின்னழுத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுவந்தால் அதே அலையை ரிலேக்கும் சிமுலேட்டருக்கும் கொடுக்கலாம். மூன்று இடத்தில் பதிவுக் கருவி வைக்கக் கேட்டேன். மேலாளர் ஒன்றுக்குத்தான் காசு தருகிறார். எங்கே வைப்பது என்று மாமாவிடம் கேட்டதற்கு, மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பம்ப் வீட்டைச் சொன்னார், மில் மோட்டார்கள் தூக்கும்போதுதான் உண்மையான கூத்தாம். அடுத்த வாரம் அங்கே மாட்டப் போகிறோம்.